ஊர் என்னும் சொல்

மதுரை மாநகருக்குக் கூடல் என்பது பழம் பெயர்களுள் ஒன்று. நான்கு மாடங்கள் கூடியமையால் நான்மாடக்கூடல் ஆயிற்று என்பாரும், புலவர் கூடித் தமிழ் ஆய்ந்தமையால் அப்பெயர் பெற்றது என்பாரும் உளர். எவ்வாறு கொள்ளினும், பலர் ஒருங்கு கூடும் இடம் என்னும் கருத்து அச்சொல்லில் அமைந்து கிடக்கின்றது. நகரின் எல்லையைக் கடந்து வையைப் புறத்து ஊர்களுக்குச் செல்வார், சிறிய அளவில் அத்தகைய கூடல்கள் பலவற்றைக் காண்பர். மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்தில் அதனை மந்தை என்பர். சாவடி என்னும் பெயர் எங்கும் வழங்கும். வேம்போ அரசோ நிழல் செய்ய, அதன் அடியில் ஒரு கல்மேடை இருக்கும். கண்மாய் மடையை என்று திறப்பது, திருவிழாவை எந்நாளில் தொடங்குவது, வரப்புத் தகராற்றை எங்ஙனம் தீர்ப்பது என்பன எல்லாம் அம்மேடையில் பேசி முடிக்கப்படும்.

பண்டைத் தமிழர் இத்தகைய இடத்தை மன்றம் என்றனர், பொதியில் என்றனர், அம்பலம் என்றும் கூறினர். மேலூர்ப் பக்கத்திலோ, அம்பலம் என்னும் சொல் இடத்தைக் குறிப்பதோடு நில்லாது, அவ்விடத்தில் தலைமை தாங்கும் பெரியவரையும் குறிப்பதாயிற்று. இடத்தின் பெயர் அவ்விடத்தார்க்கு ஆகி வருதல் இலக்கணம் கற்றார்க்குப் புதுமை அன்று. ஆயினும், பலர்க்கும் பொதுவாகிய இடத்தின் பெயர் வழிவழியாக ஒரு குடும்பத்தார்க்கு உரிய பட்டமாக மாறியமை எண்ணிப் பார்க்கத்தக்கது.

'ஊர்' என்னும் சொல்லும் அத்தகையதே. 'ஊர் கூடி முடிவு செய்தது' என்று கூறுங்கால், ஊர் என்பது அங்கு வாழும் மக்களைக் குறிக்கும். எந்த மக்களை? ஊரின் நடுவே குடியிருப்பார் மட்டுமோ, ஊர்ப்புறத்துச் சேரியில் வாழ்வாருமோ? தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் ஊர்நத்தம் வேறு, உழைப்போர் வாழ்ந்த சேரி வேறு எனப் பிரித்தே குறிக்கப்பெறுகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டிய அப்பிரிவு, பேச்சு வழக்கில் இன்றும் அழிந்துவிடவில்லை. ஊராட்சியின் வரலாறு என்பது, ஒரு வகையில், இவ்வொரு சொல்லின் பொருள் விரிந்த வரலாறே ஆகும். அஃது எளிதில் விரிந்ததும் அன்று.

பாண்டி நாட்டில் ஊரவை இயங்கிய முறையினை அறியத் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த மானூர்க் கல்வெட்டு உதவுகின்றது. கி.பி. 800-ஐ ஒட்டி, மாறஞ்சடையன் என்னும் பாண்டியனது ஆட்சியில் வட்டெழுத்தில் பொறிக்கப்பெற்ற அது, அவ்வூர் மகாசபையார் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட ஒழுங்கினைக் கூறும். ஊரில் நிலப்பங்கு உடையாரும், நூலறிவும் நல்லொழுக்கமும் வாய்ந்தோருமே அவையில் இருந்து பேசலாம். அவற்றினும் சுவையானது மற்றொரு விதி. அவையில் எக்கருத்தை யார் கூறினும், ஆராயாது 'அன்று, அன்று' என மறுத்துக்கொண்டே இருப்பார்க்கு, ஒவ்வொரு முறைக்கும் ஐந்து காசு தண்டம் விதிக்கப்பட்டது! எதிர்த்துப் பேசுதல் குற்றம் எனக் கருதினார் அல்லர். கருமம் நடவாது தடுத்தலே குற்றம் எனக் கொண்டனர். அவ்விதி எழுதப்படுவதற்கு முன் அவ்வவையில் எத்தனை நாள் எத்தனை கருமம் தடைப்பட்டனவோ!

இம்மானூர்க் கல்வெட்டிற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், தொண்டை நாட்டு உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பெற்ற இரு கல்வெட்டுகள் உலகப் புகழ் பெற்றவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பினின்றும் தகுதியுடையார் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்துள் இட்டனர். அவையோர் முன்னிலையில், சூதறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்துக் கையேந்துதல் வேண்டும் என்பது வரை அக்கல்வெட்டு விதிக்கின்றது. விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைத்துவைத்து மாற்றிவிடலாகாது அன்றோ? மக்கள் இயல்பினை நன்கு அறிந்தவரே அவ்விதியை இயற்றியிருத்தல் வேண்டும். இங்ஙனம் தெரிந்தெடுக்கப்பட்டோரைக் கொண்டு சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியன அமைந்தன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் பின்னர் ஒருபோதும் ஓலைக்கு உரியர் ஆகார். மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தாரும் உரியர் ஆகார்.

குடத்தில் ஓலை இட்டு எடுக்கும் வழக்கம் சோழர் காலத்தினும் பழையது. மருதன் இளநாகனார் பாடிய அகநானூற்றுப் பாட்டு ஒன்றில் அஃது உவமையாக வந்துள்ளது. ஒன்றை உவமையாகக் கூறின், கேட்பார் அதனை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். ஆதலின் சங்க நாளிலேயே அம்முறை பலரும் அறிந்ததாக இருந்தது எனத் துணியலாம்.

இவற்றைக் கண்டு பெருமிதம் கொள்ளுதல் இயல்பே. ஆயினும் குடத்துள் புகுந்த ஓலைகளை மட்டும் எண்ணிப் புகாத ஓலைகளை எண்ணாது விடுதல் கற்றார்க்கு அழகன்று. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேத நூற்பயிற்சியும், முப்பத்தைந்திற்குக் குறையாமலும் எழுபதைக் கடவாமலும் அகவையும் உடையவரே உத்தரமேரூரில் உரியர் ஆயினர். அது பார்ப்பனர்க்குக் கொடையாக அளிக்கப்பெற்ற ஊர். உழுதவர், நெய்தவர், ஏரியில் மண் சுமந்தவர், பெண்டிர் ஆகிய எவர் பெயரும் ஓலையில் எழுதப்பெறவில்லை. வேளாளர் வாழ்ந்த ஊர்களில் 'ஊர்' என்னும் பெயராலேயே அவை இருந்தது. ஆண்டும் நிலமுடையாரே கூடினர்.

மதுரைச் சமவெளியில் ஊராட்சியின் உயிர்நிலை கண்மாய் ஆகும். சோழ நாட்டாரும் தொண்டை நாட்டாரும் ஏரி என்பதனைப் பாண்டி நாட்டார் கண்மாய் என்பர். பேச்சில் அது கம்மாய் ஆகும். வையையில் வெள்ளம் வரும் நாள்கள் சில. மழை பொழியும் நாள்களும் சில. அந்நீரைத் தேக்கி, மேல்மடை கீழ்மடை எனப் பகுத்து, கடைமடை வயலுக்கும் எட்டச் செய்தல் பெரும் பணி. கோடையில் வீட்டுக்கு ஓர் ஆளாகத் திரண்டு, வரத்துக் கால்வாயைத் தூர்வாரி, கரையை உயர்த்தி, கலுங்கைச் செப்பனிடுவர். இதுவே குடிமராமத்து. அதற்கு ஆள் தராத வீட்டார்க்கு ஊர் தண்டம் விதிக்கும்.

மடையைத் திறந்து அடைத்து, வயல்தோறும் முறைவைத்து நீர் பாய்ச்சுவதற்கென ஊருக்கு ஒருவரோ சிலரோ இருப்பர். அவரை நீர்ப்பாய்ச்சி என்றும், நீர்க்கட்டி என்றும் வழங்குவர். வறட்சிக் காலத்தில் இவர் வாக்கே முடிவு. பெருநிலக்கிழாரும் தாமாக மடையைத் தொடலாகாது. பல ஊர்களில் இப்பணிக்கு உரியவர் ஆதிதிராவிடர் குடியினரே. தமக்கென நிலம் இல்லாதவர் நீரைப் பகுப்பின் ஒருபால் கோடார் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். நடுவுநிலைமைக்கு அவர் வேண்டும். ஊர் முழுவதன் விளைச்சலையும் அவர் கையில் ஒப்படைக்கலாம். ஆனால் மந்தையில் ஊர் கூடும்போது, அவர் எட்ட நின்று கேட்பவரே அன்றி, மேடையில் அமர்ந்து சொல்பவர் அல்லர். இம்முரண்பாடு நெடுங்காலம் எவர் கண்ணையும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஊரவை தளர்ந்தது. இரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வொரு குடியானவரிடமும் நேரே வரி வாங்கிற்று. ஊர் என்னும் தொகுதிக்கு அங்கு வேலை இல்லை. மணியக்காரரும் கணக்கரும் அரசின் ஊழியர் ஆயினர். குடிமராமத்து நலிந்தமை கண்டு, 1858-இல் அதனைச் சட்டத்தால் கட்டாயமாக்க முனைந்தனர். விரும்பிச் செய்த பணி கட்டாயமானபின் எத்துணை நாள் நிற்கும்? பின்னர், ரிப்பன் பிரபு 1882-இல் வெளியிட்ட தீர்மானமும், சென்னை மாகாணத்தில் 1884-இல் வந்த தலவாரியச் சட்டமும், 1920-இல் வந்த கிராமப் பஞ்சாயத்துச் சட்டமும் புதிய வித்துகளை ஊன்றின. அவை மெல்லவே முளைத்தன.

உரிமை பெற்ற இந்தியாவில் ஊர்களுக்கு என்ன இடம் என்பது பெரிய வினாவாயிற்று. ஒவ்வோர் ஊரும் தன்னைத் தானே ஆளும் சிறு குடியரசாதல் வேண்டும் என்பது காந்தியடிகள் கொள்கை. அக்கொள்கைக்குப் பொருளாதார விளக்கம் தந்த ஜே. சி. குமரப்பா, தம் இறுதிக் காலத்தை மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டிக் காந்தி நிகேதனத்திலேயே கழித்தார். 1960-ஆம் ஆண்டு, காந்தியடிகள் மறைந்த அதே சனவரி 30-ஆம் நாளில் மதுரையில் மறைந்தார். அரசமைப்பின் வரைவிலோ ஊராட்சியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1948 நவம்பர் 4-ஆம் நாள் அரசமைப்பு அவையில் பேசிய டாக்டர் அம்பேத்கர், இந்திய ஊரினைப் போற்றுவாரை மறுத்துரைத்தார். அங்கே ஆட்சி செய்வது குறுகிய மனப்பான்மையும் சாதி வேற்றுமையுமே என்பது அவர் கருத்து. ஊரை அன்றித் தனி மனிதனையே அரசமைப்பு அடிப்படையாகக் கொண்டமை நன்று என்றார். அவையில் பலர் வருந்தினர். அம்மாதம் 22-ஆம் நாள், தமிழ்நாட்டவராகிய கே. சந்தானம் ஒரு திருத்தம் கொணர்ந்தார். ஊராட்சிகளை அமைத்து அவற்றிற்குத் தக்க அதிகாரம் அளித்தல் அரசின் கடமை என்னும் அத்திருத்தத்தை அம்பேத்கரும் ஏற்றுக்கொண்டார். அரசமைப்பின் 40-ஆம் உறுப்பு அங்ஙனம் பிறந்தது. ஊரை நம்பியவர் காந்தியடிகள். ஊரில் துன்புற்றாரை அறிந்தவர் அம்பேத்கர். இருவருள் எவர் கூற்று மெய் என்பதனை, ஐம்பது ஆண்டு கழித்து மதுரை மாவட்டத்துச் சில ஊர்கள் காட்டின.

அதற்கிடையே நடந்தவற்றைச் சுருங்கக் கூறின் போதும். பல்வந்தராய் மேத்தா குழு 1957-இல் மூன்றடுக்கு ஊராட்சியைப் பரிந்துரைத்தது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டு, ஊராட்சி ஒன்றியங்கள் தோன்றின. ஊர்ப்பள்ளிகளும் சாலைகளும் குடிநீர்க் கிணறுகளும் அக்காலத்தில் பெருகின. பின்னர்த் தேர்தல்கள் காலத்தில் நடவாமல் தவறின. 1986-இல் ஒரு தேர்தல், அதற்கடுத்தது 1996-இல்! இக்குறையை நீக்கவே அரசமைப்பின் 73-ஆம் திருத்தம் இயற்றப்பட்டு 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல். அதனை நடத்தத் தனித் தேர்தல் ஆணையம். நிதிப் பங்கீட்டிற்கு மாநில நிதி ஆணையம். ஆதிதிராவிடர்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள்தொகைக்கு ஏற்பவும், மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும் இட ஒதுக்கீடு என்பன அதன் கூறுகள். தமிழ்நாட்டு ஊராட்சிச் சட்டம் 1994-இல் வந்தது. மகளிர் பங்கு இந்நாட்டில் 2016-இல் பாதியாக உயர்த்தப்பட்டது.

இச்சட்டத்தின் நடுமணியாக விளங்குவது கிராம சபை. ஊராட்சி மன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலரே இருப்பர். கிராம சபையிலோ வாக்காளர் பட்டியலில் பெயருள்ளார் அனைவரும் உறுப்பினர். நிலம் உண்டோ, நூல் கற்றனரோ, ஆணோ பெண்ணோ என்னும் கேள்வி இல்லை. குடத்தின் வாய் முற்றத் திறக்கப்பட்டது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நான்கு நாள்களில் முன்பு கூடிய சபை, பிற்காலத்தில் உலகத் தண்ணீர் நாளிலும் நவம்பர் முதல் நாளிலும் கூடுவதாயிற்று. ஐந்நூறு பேருக்கு மேற்படாத ஊராட்சியில் ஐம்பதின்மரும், மூவாயிரம் வரையுள்ளதில் நூற்றுவரும், பதினாயிரம் வரையுள்ளதில் இருநூற்றுவரும், அதற்கு மேற்பட்டதில் முந்நூற்றுவரும் வந்திருத்தல் வேண்டும். வரவு செலவு அவர்முன் படிக்கப்படும். தெருவிளக்கு எரியாமை, மேல்நிலைத் தொட்டியில் நீர் ஏறாமை, சுடுகாட்டுக்குப் பாதை இன்மை, நூறு நாள் வேலையில் கூலி குறைந்தமை என்பன எல்லாம் அங்கே கேட்கப்படும். மன்றத்தின் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் ஆகிய இருவர் கையொப்பம் இடுதல் வேண்டும் என்பதும் ஐந்து விரலை விரிக்கச் சொன்ன விதிக்கு உறவானதே. எனினும் வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் கொண்டு ஊராட்சி தானே ஈட்டும் பொருள் சிறிது. பெரும்பகுதி மேலிருந்து வரும் மானியம். அரசமைப்பின் பதினோராம் அட்டவணை 29 துறைகளை ஊராட்சிக்கு உரியனவாகக் கூறும். அவற்றுள் பல இன்றும் அரசுத் துறைகளின் கையிலேயே உள்ளன.

1996-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்னர்ச் சுழற்சி முறையில் ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளிவந்தது. மேலூரை அடுத்த மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பட்டது. ஊரில் மிக்கிருந்த வகுப்பாருள் பலர் அதனை ஏற்க மறுத்தனர். வேட்புமனு அளித்தோர் அச்சுறுத்தப்பட்டனர், வீடுகள் எரிக்கப்பட்டன, தேர்தல் நின்றது. மீண்டும் திசம்பரில் நடந்தபோது வாக்குச்சாவடியில் வன்முறை நிகழ்ந்தது. 1996 திசம்பர் 31-ஆம் நாள் காவலர் புடைசூழ நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். எரிந்த வீடுகளுக்கு உரிய இழப்பீட்டைப் பெறுவதற்காக 1997 சூன் 30-ஆம் நாள் அவர் மதுரைக்குச் சென்று ஆட்சியர் அலுவலகத்தில் முறையிட்டு, பேருந்தில் ஊர் திரும்பினார். மேலவளவை அணுகியபோது பேருந்து வழிமறிக்கப்பட்டது. முருகேசனும் அவருடன் வந்தோர் சிலரும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர் செய்த குற்றம், தம் ஊரின் தலைவராக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டமை ஒன்றே. 2001-இல் நீதிமன்றம் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

1997-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் மதுரை நகரிலும் ஒரு கொலை நிகழ்ந்தது. வில்லாபுரம் பகுதி மாநகராட்சி உறுப்பினராக 1996-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் லீலாவதி. தண்ணீரை விலைக்கு விற்றோர்க்கு ஊறு நேரும் என்பது பாராது, அப்பகுதிக்குக் குழாய் நீர் கொண்டுவரப் பாடுபட்டார். அவரும் தெருவில் வெட்டுண்டு மாய்ந்தார். உள்ளாட்சி என்பது விளக்கும் குழாயும் பற்றிய சிறு செய்தி எனக் கருதுவோர் 1997-ஆம் ஆண்டை நினைவிற் கொள்ளுதல் நலம்.

உசிலம்பட்டி வட்டாரத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மூன்றும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலும் வேறொரு வழியை மேற்கொண்டன. இங்குத் தேர்தலே நடவாமல் செய்யப்பட்டது. ஒதுக்கீட்டு ஊராட்சிகள் ஆயினமையால், 1996 முதல் அறிவிப்பு வரும்போதெல்லாம் ஒன்று வேட்புமனு தருவார் இலராவர். அன்றேல் ஊர்ப்பெரியோர் ஏவிய ஒருவர் மனுவளித்து வென்று, உடனே பதவி விலகுவார். மறுபடியும் இடைத்தேர்தல், மறுபடியும் விலகல். அவ்வாறு விலகியவரை இகழ்தல் எளிது. அவர் உழும் நிலம் பிறருடையது. அவர் ஆடு மேயும் புறம்போக்கிற்குச் செல்லும் வழி பிறர் தெரு. கடனும் கூலியும் பிறர் கையில். ஊர் அவரை விலக்கி வைப்பின் மறுநாள் அடுப்பு எரியாது. பத்தாண்டுக் காலம் அவ்வூராட்சிகள் தனி அலுவலர் கையில் இருந்தன. தலைவர் நாற்காலியில் ஆதிதிராவிடர் ஒருவர் அமர்தலைக் காண்பதினும், எவரும் அமராது ஒழிதலே மேல் என ஊரார் எண்ணினர் போலும்! விளக்கு எரியாத தெருவில் அவர்களும் தாம் நடந்தனர்.

2006-இல் நிலை மாறியது. அப்போது மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த த. உதயச்சந்திரனும் பிற அலுவலரும் ஊர்தோறும் சென்று இரு திறத்தாரிடமும் பலமுறை பேசினர். காவலை மட்டும் நம்பி நடத்தும் தேர்தல், காவலர் அகன்ற மறுநாள் என்னாகும் என்பதற்கு மேலவளவு சான்றாக இருந்தது. ஆதலின் பேச்சுக்கே முதலிடம் தந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது, தலைவர்கள் பதவியேற்றனர், விலகவில்லை. நவம்பரில் சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்து, முதலமைச்சர் மு. கருணாநிதி அந்நால்வரையும் சிறப்பித்தார். ஊரிலேயே பிறந்த வழக்கத்தை ஊராரே மாற்றிக்கொள்வர் எனக் காத்திருந்தால், அந்நாள் எப்போது வந்திருக்கும் என்று கூற இயலாது. அதிகாரத்தை ஊருக்குப் பகிர்ந்தளித்த அதே சட்டம்தான், ஊரினுள்ளே அதிகாரத்தைப் பகிர்ந்தளிக்க மறுத்தாரையும் வற்புறுத்த வேண்டியிருந்தது. 2021 அக்டோபர் 2-ஆம் நாள் பாப்பாபட்டியில் கூடிய கிராம சபையில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கலந்துகொண்டார்.

தேர்தல் தடைப்படுதல் அந்நான்கு ஊர்களோடு நின்றுவிட்டது எனவும் கூற இயலாது. 2016 அக்டோபரில் நடைபெறவிருந்த உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் நீக்கியது. அதன் பின்னர் மூன்றாண்டுக்கு மேல் தமிழ்நாட்டு ஊராட்சிகள் அனைத்தும் தனி அலுவலர் கீழ் இருந்தன. மதுரை மாவட்டத்து 13 ஒன்றியங்களிலும் 420 ஊராட்சிகளிலும் 2019 திசம்பர் இறுதியில்தான் வாக்குப்பதிவு நிகழ்ந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இன்மையால், அவ்விடைக்காலத்தில் நடுவணரசின் நிதி ஆணைய மானியமும் தடைப்பட்டது. ஓர் ஊரார் பிடிவாதத்தால் இழந்ததனை, இங்கு நாடே காலத்தாழ்வால் இழந்தது.

மேலவளவுக்குச் சேய்மையில் இல்லாத மற்றோர் ஊர் அரிட்டாபட்டி. அங்குள்ள குன்றில் ஏறத்தாழ 2,200 ஆண்டுப் பழமை வாய்ந்த தமிழி எழுத்துகள் உள்ளன. பாண்டியர் குடைந்த சிவன் கோயில் உள்ளது. ஏழு குன்றுகளும், 72 நீர்நிலைகளும், 200 சுனைகளும் சூழ்ந்த அப்பகுதி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழிந்தபின், 2024 நவம்பரில், அவ்வூரை உள்ளிட்ட ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் டங்ஸ்டன் கனிமம் எடுக்கும் உரிமையை நடுவணரசு ஏலத்தில் ஒரு நிறுவனத்திற்கு அளித்த செய்தி வெளியாயிற்று. கனிம ஏலம் ஊராட்சியின் அதிகாரத்திற்கு உட்பட்டதன்று. தடுக்கும் உரிமை கிராம சபைக்குச் சட்டத்தில் இல்லை. ஆயினும் அம்மாதம் கூடிய கிராம சபைகளில் மேலூர்ப் பகுதி ஊரார் திரண்டு வந்து, சுரங்கம் வேண்டா எனத் தீர்மானம் நிறைவேற்றினர். கண்மாய் வற்றினால் வயலுடையார் இழப்பதும், வயலில் கூலி செய்வார் இழப்பதும் ஒரே நீரை. திசம்பர் 9-ஆம் நாள் சட்டமன்றமும் ஏலத்தை எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது.

2025 சனவரி 5-ஆம் நாள் மதுரை மாவட்ட ஊராட்சிகளின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிவடைந்தது. தலைவர்கள் பதவியினின்றும் நீங்கினர். அதற்கு இரண்டாம் நாள், சனவரி 7-இல், அவ்வூர் மக்கள் ஆயிரக்கணக்கில் மேலூர்ச் சாலை வழியே மதுரை மாநகருக்குள் வந்தனர். அவர்களை அழைத்துச் செல்லப் பதவியிலிருந்த ஊராட்சித் தலைவர் ஒருவரும் அன்று இலர். சனவரி 23-ஆம் நாள் நடுவணரசு ஏலத்தை நீக்கி அறிவித்தது.